நிலவறையில் எரியும் தீ

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பென்சில்வேனியா மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில் மாரிகாலம் வந்துவிட்டால் வீட்டைச் சூடாக வைத்திருப்பது சொகுசுக்குரிய காரியமன்று. குழாயிலுள்ள நீர் உறைந்தால் 9 சதவீதமளவு பருத்துக் குழாயையே பிளந்துவிடும். ஆதலால் அங்கே நிலவறைதோறும் கொதிகலன் ஒன்று இருக்கும். எண்ணெயும் எரிவாயுவும் வந்தபின் நிலக்கரியைக் கைவிட்டோர் மிகப் பலர். கைவிடாதோர் இன்றும் உளர்.

அவர்கள் எரிப்பது அந்திரசைற்று என்னும் கடினமான நிலக்கரி. புகை மிகக் குறைவு. ஆனால் எளிதிற் பற்றாது. கொல்லர் துருத்தி கொண்டே அதனை எரித்து வந்தனர். 1808ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வில்க்ஸ்பரி என்னும் ஊரில் ஜெசி பெல் என்பவர் இரும்புக் கம்பித் தட்டொன்றின்மேல் அதனை இட்டுத் துருத்தியின்றியே எரித்துக் காட்டினார். கீழிருந்து காற்றுப் புகுந்தாற் போதும் என்பதே அவர் கண்ட உண்மை.

பெரிய கட்டிகளுக்கு அது போதும், பொடிக்கரிக்குப் போதாது. அங்கே கரியைச் சல்லடையிற் சலித்து முட்டை, பட்டாணி, அரிசி என்றெல்லாம் பெயரிடுவர். அரிசியென்பது அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்கு முதல் ஐந்து பங்கு வரையான அளவு. நம் சம்பா அரிசியினும் பருமனே! ஒருகாலத்திற் குப்பைமேட்டிற் கொட்டப்பட்ட பொடிக்கரியை வீட்டுக்கு உதவச் செய்தது கரியூட்டும் பொறி. திருகுபோன்ற தண்டொன்று தொட்டியிலிருந்து கரியைத் தள்ளிக் கீழிருந்து நெருப்புக்கு ஊட்டும். மின்விசிறி காற்றை ஊதும். எரிந்த சாம்பல் விளிம்பைத் தாண்டி விழும். அறை குளிர்ந்தால் ஆளி தானே இயங்கும். அறை சூடாயிருக்கும் வேளையிலும் தீ அவிந்துபோகாதபடி, குறித்த இடைவெளிகளிற் பொறி சில நிமிடம் ஓடி நிற்கும்.

ஆயினும் கரிக்கும் காற்றுக்கும் உரிய அளவைப் பொறி தானாக அறியாது. இதற்கு வீட்டுக்காரர் சாம்பலையே படிக்க வேண்டும். சாம்பலோடு கருங்கரி விழுமாயின் ஊட்டம் மிகுதி, அல்லது காற்றுக் குறைவு. தீ நடுவிலே குழிந்து கீழிறங்குமாயின் காற்று மிகுதி, அல்லது ஊட்டம் குறைவு. பொறுமையற்றவர் இரண்டையும் ஒருங்கே திருப்பிவிட்டு, எது எதனைச் செய்ததென அறியாது திகைப்பர். ஒன்றை மாத்திரம் சிறிது திருப்பிச் சில மணிநேரம் காத்திருப்பவரே வெல்வர். ஓரிரவு கடுங்குளிரின்றி அப்பரிசோதனை நிறைவுறாது. இளவேனிலிற் பொருந்திய அளவு தை மாதத்திற் போதாது.

ஒன்றில் மட்டும் பரிசோதனை கூடாது. கரிமேல் ஆடும் அழகிய நீலச் சுவாலை, காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு எரியும் சுவாலையே. வெப்பம் வீணாகிறதென்று புகைபோக்கியின் கதவை இறுக மூடினால் அவ்வாயு எரியாமல் வீட்டினுட் புகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே மாண்டுபோவர். புகைபோக்கியை ஆண்டுதோறும் துப்புரவு செய்வதும், அவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியைப் படுக்கையறைக்கு அருகே வைப்பதும் இன்றியமையாதவை.

பனிப்புயலில் மின்சாரம் நின்றுவிட்டால் திருகும் விசிறியும் ஒருங்கே நின்றுவிடும். தீயும் மெல்ல அவியும். அதனாலேயே, கையாற் கரியிடும் பழைய அடுப்பைச் சிலர் இன்னும் நிலவறையின் மூலையிலிருந்து அகற்றவில்லை.