படிவத்தில் எழுதும் ஒழுங்கு



உயர்தரப் பெறுபேறு வந்ததும் லயமெல்லாம் சந்தோஷம். பெரிய வேலை அதற்குப் பிறகுதான். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுதாத கற்கைநெறி, இசட் புள்ளி எவ்வளவு இருந்தாலும் கிடைக்காது. பிள்ளை விரும்பும் ஒழுங்கிலேயே எழுதட்டும். பயந்து இலேசானதை முதலில் போட்டால் அதுவே கிடைத்துவிடும்.

மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி அதில் உண்டு. கண்டி, மாத்தளை இல்லை. ஆகவே கொழும்பு வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நம் மாவட்டத்தினதைப் பாருங்கள்.

தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் கலைப்பிரிவு மட்டுந்தானே! விஞ்ஞானப் பிரிவு கேட்போம், சம்பளம் கேட்பதைப் போலவே. இப்போதைக்கு, படிவத்தை அனுப்புமுன் நமது காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்திருந்து பார்ப்போம்.