சாலையோரப் புத்தரும் வாசலோர மேளக்காரரும்

(புத்த பூர்ணிமா கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



புத்த பூர்ணிமா என்றால் நம் மேடைகளில் ஒரு பேச்சு தவறாமல் வரும். தமிழ்நாட்டு மண்ணுக்குள் எத்தனை புத்தர்கள் புதைந்து கிடக்கிறார்கள், எத்தனை புத்தர்கள் வேறு பெயரில் கும்பிடப்படுகிறார்கள் என்பதுதான் அது. தேவையான பேச்சு. நான் இன்று அதற்கு நேர்மாறான ஓர் இடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அங்கே புத்தரை யாரும் புதைக்கவில்லை. அவர் பெயரை மாற்றவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அவர் சாலையோரத்தில் நின்றுகொண்டே இருக்கிறார். அங்கே சாதி என்ன ஆனது? இதுதான் என் கேள்வி.

ஸ்ரீநகரிலிருந்து லே நகரத்துக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 420 கிலோமீட்டர். பாதி வழியில் கார்கில். கார்கிலைத் தாண்டி இன்னும் 40 கிலோமீட்டர் போனால் முல்பெக் என்ற ஊர் வரும். பத்தாயிரம் அடிக்கும் மேலான உயரம். சுற்றிலும் மொட்டை மலை, கீழே ஆற்றோரம் மட்டும் கொஞ்சம் பச்சை. சாலையை ஒட்டி ஒரு பாறை தனியாக நிமிர்ந்து நிற்கிறது. அதில் சுமார் 9 மீட்டர் உயரத்துக்கு நின்ற கோலத்தில் ஓர் உருவம். நான்கு கைகள். ஒரு கையில் மணிமாலை, ஒரு கையில் நீர்க்குடம். இவர் மைத்திரேயர், அதாவது இனி வரப்போகும் புத்தர். ஊர்க்காரர்கள் சம்பா என்று சொல்கிறார்கள். பாறையின் காலடியில் 1975-இல் கட்டப்பட்ட ஒரு சின்னக் கோயில். பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடும் போலிருக்கிறது. நான் அந்த வழியே போனபோது எங்கள் ஓட்டுநர் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தினார். சுற்றுலா வண்டிகள் எல்லாம் அவ்வளவுதான் நிறுத்துகின்றன. படம் எடுத்துக்கொள்ள அது போதும். வரலாற்றுக்குப் போதாது.

அந்தச் சாலை இன்றைக்கு ராணுவ லாரி போகும் சாலை. முன்பு வணிகர் பாதை. பஷ்மினா கம்பளி ஏற்றிய கூட்டங்கள் இந்தப் பள்ளத்தாக்குகள் வழியாகத்தான் காஷ்மீருக்குப் போயின. புத்தரும் அதே பாதையில்தான் காஷ்மீரிலிருந்து இங்கே வந்தார். சிலையின் வேலைப்பாடு காஷ்மீரக் கலை மரபைச் சேர்ந்தது. பின்னால் காஷ்மீரில் பௌத்தம் மறைந்துபோனது. இந்தப் பாறையில் நின்றவர் மட்டும் நிலைத்தார். இன்று இந்தப் பள்ளத்தாக்கில் பௌத்தரும் இசுலாமியரும் சேர்ந்து வாழ்கிறார்கள்.

ஊருக்கு மேலே மலை உச்சியில் மடாலயம் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பாறைகளில் திபெத்திய எழுத்தில் கல்வெட்டுகள் உள்ளன. 1900-களின் தொடக்கத்தில் பிராங்கே என்ற ஜெர்மானிய மதபோதகர் அவற்றைப் படித்து வெளியிட்டார். அவற்றில் ஒன்று 15-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லடாக்கை ஆண்ட பும்டே என்ற மன்னனின் ஆணை. உயிர்ப்பலியை நிறுத்த வேண்டும் என்கிறது. இதில் வியப்பில்லை. அசோகரின் முதல் பாறைக் கல்வெட்டும் அதைத்தான் சொன்னது. வியப்பு அடுத்த கல்வெட்டில் இருக்கிறது. அது ஊர்க்காரர்களின் பதில். மன்னரின் ஆணையை நிறைவேற்றுவது கடினம், ஆட்டைக் கொடுக்காவிட்டால் எங்கள் ஊர்த் தெய்வம் என்ன சொல்லும் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பதிலைப் படிக்கும்போது நமக்கு 2003 நினைவுக்கு வர வேண்டும். அந்த ஆண்டு ஜெயலலிதா அரசு 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசிதட்டி எடுத்து, கோயில்களில் கிடா வெட்டவும் கோழி அறுக்கவும் தடை போட்டது. நாம் எதிர்த்தோம். எங்கள் முனியும் காட்டேரியும் என்ன சாப்பிடுவது என்று அரசா முடிவு செய்யும் என்று கேட்டோம். 2004-இல் அந்தச் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. நாம் கேட்ட கேள்வியை முல்பெக் மக்கள் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்டது ஒரு பௌத்த மன்னனிடம். ஆக, அறம் என்ற பெயரில் வந்தாலும், மேலிருந்து வரும் ஆணையைக் கீழே இருக்கிறவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. நம் கையில் அதிகாரம் வந்தாலும் இது நினைவில் இருக்க வேண்டும்.

என் மனதை அறுப்பது வேறொன்று. அந்தக் கல்லில் மன்னன் பேசுகிறான். ஊரும் பேசுகிறது. இருவரும் பேசுவது ஆட்டைப் பற்றி. அந்த ஊர்களில் மனிதர்களுக்குள்ளேயே சிலர் தாழ்ந்த பிறப்பினர் என்று ஒதுக்கப்பட்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை.

யார் அவர்கள்? லடாக்கில் மோன், கரா, பேடா என்று மூன்று பிரிவினர் இருக்கிறார்கள். கரா என்றால் கொல்லர். மோன் என்றால் மேளம் அடிப்பவர், தச்சு வேலை செய்பவர். பேடா என்றால் ஊர் ஊராகப் போய் இசைத்துப் பிழைப்பவர். ஒவ்வொரு பிரிவிலும் சில நூறு பேர்தான். லடாக்கில் திருமணம் என்றால் தமன் என்ற மேளமும் சுர்னா என்ற ஊதுகருவியும் வேண்டும். வில்வித்தைத் திருவிழா என்றாலும் வேண்டும். பெரிய லாமா ஊருக்குள் வருகிறார் என்றால் கட்டாயம் வேண்டும். மேளம் மங்களம். ஆனால் அடிப்பவர் தாழ்ந்தவர்.

இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பறை எப்படி, பறையடிப்பவர் எப்படி என்பது இந்த அரங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

லடாக்கில் விருந்துக்கு உட்காருவதில் ஒரு வரிசை உண்டு. லாமாக்கள், பெரிய குடும்பத்தார், குடியானவர்கள் என்று இறங்கிக்கொண்டே வரும். கடைசியில் வாசலோரம் மோனும் கராவும் பேடாவும். அவர்கள் வீட்டில் மற்றவர்கள் உண்பதில்லை. பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. அவர்களின் பிள்ளைகளை மடாலயங்கள் துறவியாகச் சேர்த்துக்கொள்ளாத வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பேடாக்களுக்குப் பரம்பரையாக நிலமும் இல்லை.

அங்கே மனுநூல் படித்துக் காட்ட அக்கிரகாரம் இல்லை. பிறகு எப்படி இது நடக்கிறது? என் பதில் இதுதான். சாதி நிற்க மூன்று தூண் போதும். பிறப்பால் வரும் தொழில் ஒன்று. ஒரு சாராரிடம் மட்டும் இருக்கும் நிலம் இரண்டு. இதற்கெல்லாம் காரணம் போன பிறவியில் நீ செய்த வினை என்று சொல்லும் ஒரு விளக்கம் மூன்று. இந்த மூன்றாவது தூணைப் பௌத்தத்தின் பெயராலும் நட்டுவிட முடியும்.

அதனால்தான் பாபாசாகேப் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில், இருந்த பௌத்தத்தை அப்படியே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. அவர் மறைந்த பிறகு 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையைப் பாருங்கள். ஆன்மா இல்லை என்று சொன்ன புத்தர் வினையையும் மறுபிறப்பையும் எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று கேட்கிறார். போன பிறவி வினையால்தான் ஒருவன் ஏழையாகப் பிறந்தான் என்று சொல்வது, அவன் நிலைக்கான பொறுப்பிலிருந்து சமூகத்தைத் தப்பவிடுவதற்கான வழி என்று அந்த நூலில் உடைத்துச் சொல்கிறார். இதைத் தத்துவ வாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வாசலோரத்தில் உட்காரவைக்கப்பட்ட மேளக்காரருக்கு இது சோற்றுப் பிரச்சினை.

1989-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, லடாக்கின் எட்டுச் சமூகங்கள் பட்டியல் பழங்குடிகளாக அறிவிக்கப்பட்டன. மோன், கரா, பேடா அதில் உண்டு. அவர்களை வாசலில் உட்காரவைத்த பெரும்பான்மைச் சமூகமும் அதே பட்டியலில் உண்டு. நிலமும் பள்ளியும் உள்ளவரும், ஒன்றுமில்லாத பேடாவும் ஒரே இடத்துக்குப் போட்டி போட வேண்டும். உள் ஒதுக்கீட்டுக்காக அருந்ததியர் நடத்திய போராட்டத்தைப் பார்த்த நமக்கு இதன் பொருள் புரியும்.

இரண்டாவது காரியம், அதே ஆண்டு பௌத்தர்கள் இசுலாமியர்கள் மீது அறிவித்த சமூகப் புறக்கணிப்பு. 1992 வரை நீடித்தது. பேச்சுவார்த்தை இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, சேர்ந்து உண்பதில்லை. உறவுக்காரர்களுக்குள்ளேயே சுவர் எழுந்தது. சேர்ந்து உண்ணாதே என்பது ஆயுதமாகும் என்று அந்தச் சமூகத்துக்கு எப்படித் தெரிந்தது? பேடாவிடம் பழகிய கைதான் இசுலாமியர் மீது ஓங்கியது என்பது என் கருத்து. தீண்டாமையை ஒருவரிடம் விட்டுவைத்தால் அது இன்னொருவர் மேல் பாயத் தயாராக இருக்கும்.

இன்று லடாக் மக்கள் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பு கேட்கிறார்கள். தங்கள் நிலத்தை வெளியாரிடமிருந்து காக்கக் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை, நாம் ஆதரிக்க வேண்டும். ஆதரிக்கும்போதே ஒன்றைக் கேட்கவும் வேண்டும். காக்கப்படும் அந்த நிலத்தில் நிலமே இல்லாத பேடாவுக்கு என்ன பங்கு?

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிடப்பட்டு வந்த சிலை புத்தர்தான் என்பதை, தொல்லியல் துறையின் ஆய்வை ஏற்று, 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. முனியப்பனாகத் தொடர முடியாது, இடம் தொல்லியல் துறையிடம் இருக்க வேண்டும் என்றது. பெரிய வெற்றி. ஆனால் தோழர்களே, சிலையை மீட்பது வேலையின் முதல் பாதி. சாலையோரத்தில் ஆயிரம் ஆண்டு ஒரு புத்தர் நின்றும் வாசலோரத்து வரிசை மாறவில்லை என்பதை முல்பெக் காட்டுகிறது. தானாக ஒரு கல் எதையும் ஒழிக்காது.

நாம் கட்டும் ஒவ்வொரு விகாரிலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இங்கே தூய்மைப் பணியாளர் வீட்டுச் சோறு பரிமாறப்படுகிறதா? பறையர், பள்ளர், அருந்ததியர் என்ற சுவர் உள்ளே இல்லாமல் திருமணங்கள் நடக்கின்றனவா? மேடையில் பேசுகிறவரும் வாசலில் பறையடிக்கிறவரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் அதுதான் தம்மம். இல்லை என்றால், சிலை எவ்வளவு உயரமாக இருந்தாலும் நாம் இன்னும் தொடங்கவில்லை என்று பொருள்.

வரப்போகும் புத்தர் வரட்டும். அதற்குள் பந்தியை நாம் சரிசெய்து வைப்போம்.