பொயிலர் முனகும்போது



எரிவாயுப் பொயிலர் கேத்தல் கொதிப்பதுபோல் இரைந்தால், பெரும்பாலும் உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கும். இலண்டன் குழாய்நீர் கடினநீர். தேநீர்க் கேத்தலின் அடியே அதற்குச் சாட்சி. இடைவிடாத ரீங்காரம் நீரைச் சுற்றவிடும் பம்பினுடையதாக இருத்தல் கூடும். எதுவாயினும் மூடியைக் கழற்றலாகாது. அது காஸ் சேஃப் பதிவுபெற்றவருக்கே உரிய பணி.

வாடகை வீட்டில், 7 ஆண்டுகளுக்குக் குறைந்த குத்தகையாயின், வெப்பமூட்டும் சாதனத்தைச் செப்பமாக வைத்திருக்கும் கடமையை 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு உரிமையாளர்மீது சுமத்துகிறது. ஆனால் வீட்டினுள் நேரும் பழுதை அவர் அறிந்த பின்னரே அக்கடமை எழும். “நல்ல மனிதர், ஏன் தொந்தரவு” என்று பொறுத்திருப்போர் பலர். அப்பொறுமையைச் சட்டம் கணக்கிலெடுப்பதில்லை. ஒலி எப்போது, எவ்வளவு நேரம் கேட்கிறதெனத் திகதியிட்டு எழுதி அனுப்பி, படியொன்றை வைத்திருத்தல் வேண்டும்.

எரிவாயு மணந்தால் கடிதத்துக்கு நேரமில்லை. வெளியே வந்து 0800 111 999 என்னும் எண்ணை அழையுங்கள்.