மேசைக்கு வராத சொல்: உலக அரசியலில் அதிகாரம் என்பது எது?

(பன்னாட்டு உறவுகள் பயிலும் மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உலக அரசியலில் 'அதிகாரம்' என்பதை அறிஞர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பாடநூல் இலக்கணங்களை வரிசையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். தேர்வுக்கு அது உதவும், நமக்கு உதவாது. அதனால் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இலக்கணங்களுக்குள் போவோம்.

2001 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டை ஐ.நா. நடத்தியது. சாதியையும் அங்கே பேச வேண்டும் என்று இந்தியாவிலிருந்து தலித் செயல்பாட்டாளர்கள் திரண்டு போனார்கள். 'தொழிலையும் வழிமரபையும் அடிப்படையாகக் கொண்ட பாகுபாடு' என்ற ஒரு பத்தி வரைவில் இருந்தது. இறுதி அறிக்கையில் அந்தப் பத்தி இல்லை. சாதி என்ற சொல்லும் இல்லை. வரக்கூடாது என்று விடாப்பிடியாக நின்றது இந்திய அரசு. அதற்கு ஒரு போர்க்கப்பல்கூடத் தேவைப்படவில்லை. அப்படியானால் அங்கே வேலை செய்த அதிகாரம் எது?

முதல் பதிலைத் தருபவர்கள் யதார்த்தவாதிகள். நாஜி ஜெர்மனியின் கெடுபிடியால் நாடிழந்த யூதரான ஹான்ஸ் மார்கெந்தாவ் 1948இல் எழுதிய நூல் இத்துறையின் அடித்தளங்களில் ஒன்று. உலக அரசியல் என்பதே அதிகாரத்துக்கான போராட்டம் என்றார் அவர். 1979இல் கென்னத் வால்ட்ஸ் அதை இன்னும் இறுக்கிக் கட்டினார். மக்கள்தொகை, நிலப்பரப்பு, பொருளாதாரம், படைபலம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்து நாடுகளைத் தரம் பிரிக்கலாம் என்பது இந்தப் பார்வை. அதாவது, அதிகாரம் என்பது ஒருவர் கையில் இருக்கும் சரக்கு.

இது பொய்யல்ல. ஆனால் போதாது. சரக்கை எண்ணிப் பார்த்தால் வியட்நாமில் அமெரிக்கா தோற்றிருக்கவே முடியாது. 1975இல் சைகோனிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பி ஓட வேண்டியிருந்தது. அதனால்தான் அதிகாரத்தை ஒரு பொருளாக அல்ல, ஒரு உறவாகப் பார்க்க வேண்டும் என்று ராபர்ட் டால் 1957இல் எழுதினார். நான் செய்யாமல் விட்டிருக்கும் ஒன்றை என்னைச் செய்யவைக்க உங்களால் முடிந்தால், அந்த அளவுக்கு என்மேல் உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. டேவிட் பால்ட்வின் இதை உலக அரசியலுக்குக் கொண்டுவந்து, யார்மேல், எந்த விஷயத்தில் என்று கேட்காமல் அதிகாரத்தை அளக்க முடியாது என்றார்.

நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. சட்டம் நாற்காலியைக் கொடுத்தது. ஆனால் 2006 வரை அந்த நாற்காலியில் ஒருவர் நிலையாக உட்கார முடியவில்லை. மனுத்தாக்கல் செய்ய ஆளில்லை. செய்தாலும், வென்ற கையோடு பதவி விலகல் கடிதம். பதவி ஓரிடத்தில், அதிகாரம் வேறிடத்தில். இந்த ஊர்களைத் தெரிந்தவர்களுக்கு டாலும் பால்ட்வினும் சொல்வது எளிதில் விளங்கும்.

ஆனால் டாலின் பார்வையிலும் ஓட்டை இருக்கிறது. வெளிப்படையாக மோதல் நடந்து ஒருவர் ஜெயித்தால்தான் அந்தக் கண்ணுக்கு அதிகாரம் தெரியும். மோதலே நடக்காமல் பார்த்துக்கொள்வதும் அதிகாரம்தானே? 1962இல் பீட்டர் பக்ரக், மார்ட்டன் பாரட்ஸ் என்ற இருவர் இதைத்தான் கேட்டார்கள். எதைப் பேசலாம், எது பேச்சுக்கே வரக்கூடாது என்று முடிவு செய்வதை அதிகாரத்தின் இரண்டாவது முகம் என்றார்கள்.

இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் 1919 பாரிஸ் அமைதி மாநாடு. முதல் உலகப்போர் முடிந்து சர்வதேச சங்கத்துக்கு விதிமுறை எழுதுகிறார்கள். அதில் இனச் சமத்துவம் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று ஜப்பான் கேட்டது. வெள்ளையர் ஆஸ்திரேலியா கொள்கையைக் காப்பாற்ற அந்நாட்டுப் பிரதமர் பில்லி ஹியூஸ் குதித்தார். ஏப்ரல் 11 அன்று ஆணையத்தில் 17 வாக்குகளில் 11 ஆதரவாக விழுந்தன. தெளிவான பெரும்பான்மை. ஆனால் தலைமை நாற்காலியில் இருந்த அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன், கடும் எதிர்ப்பு இருப்பதால் ஏகமனதான ஒப்புதல் வேண்டும் என்று சொல்லித் தீர்மானத்தைத் தள்ளிவிட்டார். மற்ற சில முடிவுகள் ஏகமனதில்லாமலே நிறைவேறியிருந்தன. இந்த ஒன்றுக்கு மட்டும் அளவுகோல் மாறியது. தோழர்களே, கூட்டத்தை நடத்துகிறவர் யார் என்று பாருங்கள் என்று நாம் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஜப்பானைத் தியாகியாக்க வேண்டாம். அதே 1919 மார்ச்சில் கொரிய விடுதலைப் போராட்டத்தை அது ரத்தத்தில் அடக்கிக்கொண்டிருந்தது. உள்நாட்டிலோ, தோல், இறைச்சித் தொழில்களோடு பிணைத்துத் 'தீட்டு' எனப் புறந்தள்ளப்பட்ட புராக்கு மக்கள் இருந்தார்கள். பாரிஸில் சமத்துவம் கேட்ட நாட்டில், சொந்தச் சமத்துவத்துக்காக அம்மக்கள் 1922இல் 'சுய்ஹேய்ஷா' என்ற இயக்கத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. வெளியே சமத்துவம், உள்ளே தீண்டாமை என்பது ஒரு நாட்டின் தனி நோயல்ல.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். பன்னாட்டு அரசியலுக்கான முதல் பல்கலைக்கழக இருக்கை அதே 1919இல் வேல்ஸின் அபெரிஸ்வித்தில் உருவானது. அதற்கு வில்சனின் பெயரைத்தான் சூட்டினார்கள். இன்று பெருமதிப்போடு படிக்கப்படும் 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழின் முன்னோடிகளில் ஒன்று, 1910இல் 'இன வளர்ச்சி இதழ்' என்று பொருள்படும் பெயரில் தொடங்கப்பட்டது. இந்த மூடிய வரலாற்றைத் திறந்து காட்டியவர்களில் ராபர்ட் விட்டாலிஸ் முக்கியமானவர். கறுப்பின அறிஞர்களான டு பாய்ஸும் மெர்ஸ் டேட்டும் அன்றே எழுதியவற்றைத் துறை எப்படி ஓரங்கட்டியது என்றும் அவர் எழுதியிருக்கிறார். அதிகாரத்தைப் படிக்கும் துறையும் அதிகாரத்துக்கு வெளியே நின்று படிக்கவில்லை.

இனி மூன்றாவது முகம். 1974இல் ஸ்டீவன் லூக்ஸ் ஒரு படி மேலே போனார். ஒருவருக்கு ஆசையே எழாதபடி, குறையே தோன்றாதபடி செய்துவிடுவதுதான் அதிகாரத்தின் உச்சம் என்றார். 2005இல் மைக்கேல் பார்னெட், ரேமண்ட் டுவால் இருவரும் இதையெல்லாம் தொகுத்து நான்கு வகை சொன்னார்கள்: நேரடியாகக் கட்டாயப்படுத்துவது, நிறுவனங்களின் விதிகள் வழியே மறைமுகமாக ஆள்வது, ஆண்டான் அடிமை போல இருதரப்பின் இடத்தையே நிர்ணயிக்கும் கட்டமைப்பு, சொற்களுக்குப் பொருள் தீர்மானிப்பது. படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். ஒவ்வொரு படிக்கும் கீழே ஒரு படி இருப்பதால் எல்லோரும் சேர்ந்து ஏணியை உடைப்பதில்லை என்றார் அவர். லூக்ஸ் தேடிய விடையின் பெரும்பகுதி இதில் இருக்கிறது.

நான்காவது வகையோடு டர்பனுக்குத் திரும்புவோம். ஆனால் போகும் வழியில் 1946இல் இறங்க வேண்டும்.

அந்த ஆண்டு ஐ.நா.வின் முதல் பொதுச்சபையில், தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் நடத்தப்படும் விதத்துக்கு எதிராக இந்தியா வழக்குக் கொண்டுபோனது. குழுவுக்குத் தலைமை விஜயலட்சுமி பண்டிட். எதிரே தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். ஐ.நா. சாசனத்தின் முகவுரையில் மனித உரிமை பற்றி எழுதக் காரணமான அதே ஸ்மட்ஸ், இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றார். சபை ஏற்கவில்லை. டிசம்பர் 8 அன்று 32க்கு 15 என்ற வாக்குகளில் இந்தியா வென்றது. மனித உரிமைக்கு முன்னால் 'உள்நாட்டு விவகாரம்' என்ற கதவு மூடியிருக்காது என்பதை உலகுக்குக் காட்டியதில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. பெருமைப்பட வேண்டிய வரலாறு.

அதே 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் படிகள் கிடைக்குமா, தீண்டப்படாத மக்களும் அவ்வழியில் போக எண்ணுகிறார்கள் என்று கேட்டார். டு பாய்ஸும் ஆதரவோடு பதில் எழுதினார். 1951 அக்டோபரில் அமைச்சர் பதவியிலிருந்து விலகிய அறிக்கையில், பட்டியல் சாதியினரின் நிலை குறித்து ஐ.நா.வுக்கு அனுப்ப ஓர் அறிக்கை தயாரித்ததையும், அரசியல் நிர்ணய சபைக்கும் வரப்போகும் நாடாளுமன்றத்துக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அனுப்பாமல் வைத்ததையும் அம்பேத்கரே பதிவு செய்கிறார். டர்பன் பயணத்தின் தொடக்கம் இங்கே இருக்கிறது. அதைத் தொண்டு நிறுவனங்கள் 2001இல் திடீரெனக் கண்டுபிடித்த யோசனை என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு தேதிகளையும் சொல்லுங்கள்.

அடுத்த நிறுத்தம் 1965. இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் பிரிவு, இனம், நிறம், வழிமரபு, தேசிய அல்லது இனக்குழுத் தோற்றம் என்று அடுக்குகிறது. இதில் 'வழிமரபு' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்ன நாடு எது? இந்தியா. 1968இல் அந்த உடன்படிக்கையை இந்தியா உறுதியும் செய்தது. ஆனால் 1996இல் உடன்படிக்கைக் குழுவின் முன்னால், வழிமரபு என்பது சாதியைக் குறிக்காது என்று வாதிட்டது. குழு அதை ஏற்கவில்லை. டர்பனிலும் அதே வாதம்: சாதி இனமல்ல, அது உள்நாட்டு விஷயம், எங்களிடம் அரசியலமைப்பு இருக்கிறது. 1946இல் ஸ்மட்ஸ் நின்ற இடத்தில் இப்போது இந்தியா நின்றது.

சாதியும் இனமும் ஒன்றல்ல என்று சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய்ல் போன்றவர்களும் அப்போது எழுதினார்கள். அறிவியல்படி அது சரியே. அம்பேத்கரே சாதியை இனம் என்று ஏற்கவில்லை. ஆனால் கோரிக்கை அதுவல்லவே! பிறப்பால் வரும் இழிவு என்ற வகையில் இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ் வரும் என்பதுதான் கோரிக்கை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி, கேட்ட கேள்வியை மேசையிலிருந்து இறக்கிவிட்டார்கள். பொருளைத் தீர்மானிக்கும் அதிகாரம் என்று பார்னெட்டும் டுவாலும் சொன்னது இதைத்தான்.

2006 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங், தீண்டாமைக்கு இணையாகச் சொல்லத்தக்கது நிறவெறி ஆட்சி மட்டுமே என்ற பொருளில் டெல்லியில் பேசினார். 2007 பிப்ரவரியில் ஜெனீவாவில் இந்தியக் குழு, சாதி இந்த உடன்படிக்கையின் கீழ் வராது என்று மீண்டும் சொன்னது. இடையில் இரண்டே மாதம். கட்சிகள் மாறியிருந்தன, 2001இல் பா.ஜ.க., 2007இல் காங்கிரஸ். நிலைப்பாடு மாறவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜோசப் நை 1990இல் புகழ்பெறச் செய்த 'மென் அதிகாரம்' என்ற கருத்தை இப்போது பொருத்திப் பாருங்கள். வற்புறுத்தாமல், காசு கொடுக்காமல், கவர்ந்து இழுப்பது அது. 2014 டிசம்பரில் யோகா நாள் தீர்மானத்தை இந்தியா கொண்டுவந்தபோது 177 நாடுகள் இணைந்து முன்மொழிந்தன. யோகா செய்வதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஒரு நாடு தன்னைப் பற்றி எந்தக் கதையைச் சொல்லும், எதை மறைக்கும் என்பது அந்த நாட்டுக்குள் யாருக்கு வாய் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மென் அதிகாரத்துக்கும் சாதி உண்டு.

உங்களில் சிலர் ஒரு நியாயமான கேள்வி கேட்பீர்கள். ஐ.நா.வே வல்லரசுகளின் கூடாரமாயிற்றே, நம் பிரச்சினையை அங்கே கொண்டுபோவது ஏகாதிபத்தியத்துக்கு வாசல் திறப்பதாகாதா? டர்பனிலிருந்து அமெரிக்காவும் இஸ்ரேலும் பாதியில் வெளியேறின. 1947இல் டு பாய்ஸ் கொடுத்த மனுவையும் ஐ.நா. எடுத்து விசாரிக்கவில்லை. எனவே மீட்பர் யாரும் ஜெனீவாவில் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் களம் சாய்வானது என்பதற்காகக் களத்தையே எதிரியிடம் விட்டுவிட முடியாது. ஊராட்சி நாற்காலிக்கும் இதே விதிதான்.

டர்பனில் தோற்றார்கள் என்பதோடு கதை முடியவும் இல்லை. ஓராண்டுக்குள், 2002 ஆகஸ்டில், உடன்படிக்கைக் குழு தன் 29ஆவது பொதுப் பரிந்துரையை வெளியிட்டது. வழிமரபு என்பதில் சாதியும் அதுபோன்ற அமைப்புகளும் அடங்கும் என்று அதில் எழுதியே வைத்தது. புராக்கு மக்களின் இயக்கமும் தலித் இயக்கமும் கைகோத்து அந்தச் சொல்லை உயிரோடு வைத்திருந்தன. 1965இல் இந்தியா சேர்த்த சொல்லே இந்தியாவைக் கேள்வி கேட்கத் திரும்பி வந்தது. பிரிட்டன் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வழி வைத்துவிட்டு 2018இல் பின்வாங்கியது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மசோதாவை ஆளுநர் நியூசம் நிராகரித்தார். முன்னும் பின்னுமாக இழுபறி நடக்கிறது. அதாவது, சொல் மேசைக்கு வந்துவிட்டது.

பன்னாட்டு உறவுகள் படிக்கும் தோழர்களிடம் என் கோரிக்கை சிறியது. இந்தியாவின் வெளியுறவுக் கொள்கையைப் படிக்கும்போது எல்லை, எண்ணெய், ஏவுகணையோடு நிறுத்தாதீர்கள். ஜெனீவாவில் இந்தியா தாக்கல் செய்யும் அறிக்கைகளைப் படியுங்கள். அதற்கு எதிராகத் தலித் அமைப்புகள் தாக்கல் செய்யும் நிழல் அறிக்கைகளை அருகில் வைத்துப் படியுங்கள். அவற்றைத் தமிழில் எழுதுங்கள். எந்த நாட்டிடம் எத்தனை ஏவுகணை என்று எண்ண ஏராளமான பேர் இருக்கிறார்கள். எந்தச் சொல் எந்த மேசையிலிருந்து யாரால் இறக்கப்பட்டது என்று எண்ண ஆள் குறைவு. அந்த வேலைக்கு வாருங்கள்.