வண்டியின் அடியில் துரு: பூசும் முன் கழுவுவோம்



வண்டியின் அடிப்பகுதியைப் பற்றியெல்லாம் ஒரு கூட்டத்தில் பேச வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். நம் பகுதியில் பல குடும்பங்களுக்கு லோடு ஆட்டோவும் வேனும்தான் சோறு போடுகின்றன. தவணை முடிவதற்குள் தரைத் தகடு ஓட்டையாகிவிட்டால் அந்த வீட்டின் நிலை என்ன? வாடகை வண்டிக்கு 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். துருவேறிய சேசிஸோடு அங்கே போய் நிற்க முடியாது. பிரேக் பைப் துருவில் மெலிந்து ஓடும்போது உடைந்தால், பிள்ளைகளோடு போகிறவர்களின் உயிருக்கே ஆபத்து.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிறோம். கோவளம் தர்காவுக்குப் போனால் கடற்கரை ஓரமாகவே வண்டியை நிறுத்துகிறோம். புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று வாசலிலேயே வீசுகிறது. கடல் உப்பில் நாம் சமைக்கும் உப்போடு மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டிக்கு அடியில் சேற்றோடு ஒட்டிய உப்பும் அப்படித்தான். மழையே இல்லாத நாளிலும் இரும்பு நனைந்துகொண்டே இருக்கும். மீன் ஏற்றும் வண்டியாக இருந்தால் ஐஸும் உப்புநீரும் மேலிருந்தும் சொட்டும்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பாருங்கள். அது கல். அதையே உப்பு அரிக்கிறது. தொல்லியல் துறை அங்கே நனைத்த காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பி, காயவிட்டு, உள்ளே இறங்கிய உப்பை உறிஞ்சி எடுக்கிறது. உப்புக் காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களும் வைத்தார்கள். உப்பை எடுத்த பிறகுதான் மற்ற வேலை. நம் வண்டிக்கும் அதே வரிசைதான். ஆனால் நம்மில் பலர் நேராகக் கருப்புப் பெயின்ட்டை வாங்கி அடித்துவிடுகிறார்கள். உப்பும் ஈரமும் அதற்குள் மாட்டிக்கொண்டு, வெளியே பளபளப்பாகவும் உள்ளே பொடியாகவும் ஆகிவிடுகிறது.

ஆகவே முதல் மருந்து தண்ணீர். கடலோரம் போய் வந்த மறுநாளே, மட்கார்டின் உட்புறம், படிக்குக் கீழுள்ள பட்டி, சேசிஸ் மூலைகள் எல்லாவற்றிலும் சேறு கரையும்வரை பைப்பால் அடியுங்கள். ஒரு விஷயம்: கடலோரத்தில் பல போர்களில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. அதால் கழுவினால் உப்பை நாமே பூசியதாகும். கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகு வண்டிக்குள் இருக்கும் மேட்டையும் தூக்கிக் காயவையுங்கள், தரை உள்ளிருந்தும் அரிக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும், ஈர்க்குச்சியால் அடைப்பை எடுங்கள். ஈர வண்டியைத் தார்ப்பாயால் மூடாதீர்கள்.

பூச வேண்டுமானால், வெயிலில் ஒரு நாள் முழுதும் காய்ந்த பிறகு பூசுங்கள். கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவைச் சுரண்டி (பெயரில் மட்டும்தான் அதில் உப்பு!), இரும்பு தெரிந்த இடத்தில் ஜிங்க் பிரைமர் அடித்து, அது காய்ந்தபின் அடிப்பகுதிக்கென்றே விற்கும் ரப்பர் பூச்சை அடியுங்கள். சைலன்சர், பிரேக் டிஸ்க், பிரேக் டிரம், ரப்பர் பாகங்கள், கேபிள்கள், வடிதுளைகள் இவற்றில் படக் கூடாது. கண்ணையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கும் தகட்டுக்கும், துருவேறிய பிரேக் பைப்புக்கும் பெயின்ட் வைத்தியமல்ல. அதற்குப் பட்டறைதான்.

பழைய இன்ஜின் ஆயிலில் டீசல் கலந்து அடிப்பது இங்கே வழக்கம். கொஞ்ச நாள் துரு தள்ளிப்போகும் என்பது உண்மை. ஆனால் அது ரப்பரை ஊதவைக்கும், பிரேக்கில் வடிந்தால் பிடிக்காது, மண்ணில் இறங்கினால் பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும். அண்டை வீட்டாரின் தண்ணீரைக் கெடுத்து நம் வண்டியைக் காப்பதா? வேண்டாம்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடியில் புதுக் கருப்புப் பூச்சு மின்னினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும்.

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு யாரும் அடியில் படுக்காதீர்கள். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பதும் கூடாது, பாரத்தில் உடைந்துவிடும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இரும்பு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அறக்கட்டளை அலுவலகத்தில் இரண்டு ஸ்டாண்டுகள் வைத்திருக்கிறோம். அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். மறுநாள் திருப்பிக் கொடுத்தால் போதும், வாடகை இல்லை.