நம்மால முடியாதா?

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



உடம்பு பெருத்தவர்களிடம் நிறையைக் குறைக்கச் சொன்னால் மூன்று பதில் வரும். "எங்க அம்மாவும் இப்படித்தான், இது பரம்பரை." "தினம் மலை ஏறி இறங்குறோம், இதுக்கு மேல என்ன செய்யிறது?" "ரெண்டு நாள் செஞ்சேன், விட்டுப்போச்சு. நம்மால முடியாது."

பரம்பரைக்குப் பங்கு உண்டு, பொய்யில்லை. ஆனால் தேத்தண்ணிக்குச் சீனி போடும் அளவையும் அம்மாவிடம்தானே பழகினோம்? கோப்பைக்கு 2 தேக்கரண்டி, நாளைக்கு 6 கோப்பை என்றால் 12 கரண்டி. 6 கரண்டிக்குள் நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. மலை ஏறிக் கரைத்ததில் ஒரு பங்கைத் தேத்தண்ணியே திருப்பித் தந்துவிடுகிறது.

பெரிய காரியம் என்று மலைக்க வேண்டாம். சீனி வியாதி வரக்கூடியவர்கள் 3,000க்கும் மேற்பட்டோரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. அதில் ஒரு குழுவுக்குக் கொடுத்த இலக்கு, நிறையில் 100க்கு 7 பங்கு குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பதும். 70 கிலோ உள்ளவருக்கு அது 5 கிலோதான். அந்தக் குழுவில் வியாதி வருவது 100க்கு 58 பங்கு குறைந்தது.

இந்த வாரம் கோப்பைக்கு அரைக் கரண்டி குறையுங்கள். நாக்கு பழகியதும் இன்னும் அரை. ஒரு நாள் தவறினால் அந்த நாள்தான் போச்சு. கொழுந்து குறைஞ்சுபோச்சுன்னு மறுநாள் மலைக்குப் போகாமல் இருக்கிறோமா?

மெலிந்தவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் நிறை குறைக்கக் கூடாது. மருந்து எடுப்பவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். மற்றவர்கள், "முடியுமா?" என்று கேட்பதை விட்டு, "இன்னைக்கு எவ்வளவு முடியும்?" என்று கேளுங்கள்.