பரங்கிக்காய்த் தோட்டம்



அழைப்பிதழில் தலைப்பு அழகாக அச்சாகியிருக்கிறது: அமெரிக்காவின் ஆளில்லா நிலங்களை அளந்தவர்கள். அளந்தவர்களைப் பற்றி விடிய விடியப் பேசலாம். ஆனால் அந்த 'ஆளில்லா' என்ற சொல் இருக்கிறதே, அதை அப்படியே விட்டுவிட்டு இந்த மேடையிலிருந்து இறங்கிப் போக முடியாது. காரணம் ஒரு பரங்கிக்காய்த் தோட்டம். அங்கே வருவோம். முதலில் படகு.

1869, மே 10. யூட்டா பிரதேசத்தில், கிழக்கிலிருந்து வந்த தண்டவாளமும் மேற்கிலிருந்து வந்த தண்டவாளமும் ஒன்று சேர்ந்தன. நாடே திருவிழா கொண்டாடியது. சரியாக இரண்டு வாரம் கழித்து, மே 24, வயோமிங்கில் கிரீன் ரிவர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பத்துப் பேர் நான்கு படகுகளைத் தண்ணீரில் தள்ளினார்கள். சிகாகோவில் கட்டி ரயிலேற்றிக் கொண்டுவந்த படகுகள். பத்து மாதத்துக்கு வேண்டிய சாப்பாடு. கிரீன் ஆறு போய்க் கொலராடோவாகும், கொலராடோ கிராண்ட் கேன்யன் என்ற மாபெரும் பள்ளத்துக்குள் நுழையும், இது தெரியும். நுழைந்த பிறகு? அரசாங்கத்தின் வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது.

தலைவர் ஜான் வெஸ்லி பவல். வயது 35. இல்லினாயில் நிலவியல் பேராசிரியர். உள்நாட்டுப் போரில், 1862இல், ஷைலோ களத்தில் குண்டு பாய்ந்து வலது கையை வெட்டி எடுக்கவேண்டியதாயிற்று. மிச்சமிருந்த ஒரு கையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் ஆயிரக்கணக்கான அடி பாறையில் ஏறினார். பின்னாளில் அந்த நிலத்தின் பையூட் மக்கள் அவருக்குக் கப்புராட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கை போனவர் என்று பொருள். மேஜர் என்ற பட்டம் ராணுவம் கொடுத்தது. கப்புராட்ஸ் என்ற பெயரை அந்த மண் கொடுத்தது.

புறப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. லொடோர் பள்ளத்தாக்கில் ஆறு பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாய்கிற இடத்தில் ஒரு படகு மோதி இரண்டாகப் பிளந்தது. அதிலிருந்த மூன்று பேர் உயிர் தப்பினார்கள். மூட்டை முடிச்செல்லாம் ஆற்றோடு போயிற்று. அந்தப் படகை ஓட்டியவர் ஓரமல் ஹவ்லண்ட். டென்வரில் பத்திரிகை அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர். குழுவுக்கு வரைபடம் வரைந்தவரும் அவர்தான். அதுவரை வரைந்த தாள்கள் அத்தனையும் தண்ணீரில். மேஜருக்கு உயிர் போகிற கவலை காற்றழுத்தமானிகளைப் பற்றி. பாதரசம் எத்தனை இறங்குகிறது என்று பார்த்துத்தான் மலையின் உயரத்தைக் கணக்கிட முடியும். அது போனால் பயணமே வீண். இரண்டு பேர் சிதைந்த படகுவரை போய் அந்தக் கருவிகளை மீட்டு வந்தார்கள். கூடவே ஒரு பீப்பாய் விஸ்கியும் வந்தது என்று மேஜரே எழுதிவைத்திருக்கிறார்.

இன்னொரு சம்பவம். மேஜர் ஒரு செங்குத்துப் பாறையில் பாதி ஏறி மாட்டிக்கொண்டார். இருக்கிற ஒரே கை பாறையைப் பிடித்திருக்கிறது. மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது. கால் நடுங்குகிறது. மேலே நின்ற, குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் பிராட்லி என்ன செய்தார் தெரியுமா? கயிறு இல்லை. கழி இல்லை. சட்டென்று தன் உள்கால்சட்டையைக் கழற்றிக் கீழே தொங்கவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார் அமெரிக்காவின் தலைசிறந்த நிலவியலாளர்! சிரியுங்கள், சிரிக்க வேண்டிய கதைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிராட்லி யாருக்கும் தெரியாமல் ஒரு நாட்குறிப்பு எழுதிவந்தார். அதில் இது நடந்த நாள் ஜூலை 8. மேஜர் 1875இல் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கையிலோ இதே சம்பவம் ஜூன் மாதத்தில், வேறொரு பள்ளத்தாக்கில் நடக்கிறது. கதை சுவையாக வரவேண்டும் என்று இடம் மாற்றிவிட்டார். அறிக்கையில் மாறிப்போனது இது ஒன்று மட்டுமல்ல. அதைச் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விட மனசு ஒப்பவில்லை.

ஊரில் என்ன நடந்தது? ரிஸ்டன் என்ற ஒரு ஆள், குழுவில் இல்லவே இல்லாத ஆள், படகெல்லாம் கவிழ்ந்து எல்லாரும் செத்தார்கள், தப்பியது தான் ஒருவன்தான் என்று பத்திரிகைக்காரர்களிடம் கண்ணீர் விட்டான். பத்திரிகைகளும் அச்சிட்டன. மேஜரின் மனைவி எம்மா அம்மையார் அது பச்சைப் பொய் என்று மறுத்தார். ஊர் இரங்கல் தெரிவிக்கிறது, அந்த அம்மையார் இரங்கலை வாங்க மாட்டேன் என்கிறார். அந்தத் தைரியத்துக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

ஆகஸ்ட் வந்தது. பத்து மாதத்துச் சாப்பாடு மூன்றே மாதத்தில் கரைந்துவிட்டது. பன்றி இறைச்சி கெட்டுப்போய்த் தூக்கி எறிந்தார்கள். மிச்சம் பூஞ்சை பிடித்த மாவு, கொஞ்சம் உலர்ந்த ஆப்பிள், காப்பி. இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரு மைல் உயரத்துக்குப் பாறைச் சுவர். வெயில், மழை, ஓயாத ஆற்று இரைச்சல்.

ஆகஸ்ட் 26. சுவரின் அடியில் பச்சை தெரிந்தது. தோட்டம்! மக்காச்சோளம் போட்டிருக்கிறார்கள். பாறைக்கடியில் ஊறும் ஊற்றுநீரைத் திருப்பிப் பாய்ச்சியிருக்கிறார்கள். சோளம் இன்னும் முற்றவில்லை. பரங்கிக்காய் பறிக்கிற பருவத்தில் இருந்தது. தோட்டத்துக்காரர் இல்லை. பசி. பத்துப் பன்னிரண்டு காயைப் பறித்துப் படகில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். கொஞ்சதூரம் போய் அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். அதுபோல ஒரு சாப்பாடு உண்டா என்று மேஜர் மகிழ்ந்து எழுதுகிறார். திருடியதையும் மறைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறார்.

சகோதரிகளே, நம் வீட்டுச் சாம்பாரில் போடும் பரங்கிக்காய்க்கும் தாயகம் அந்த அமெரிக்கக் கண்டம்தான். அந்த மண்ணின் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் விதை பொறுக்கி வளர்த்த காய். வரைபடத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில் ஒருவர் வாய்க்கால் வெட்டிக் காய்கறி போட்டிருக்கிறார்! அவர் பெயர் என்ன? அறிக்கையில் இல்லை. இதற்கு மேலும் ஆளில்லா நிலம் என்று சொல்லலாமா?

இரண்டே நாள் கழித்து, ஆகஸ்ட் 28, மிக மோசமான ஓர் ஆற்றுப் பாய்ச்சலின் முன்னால் குழு உடைந்தது. ஓரமல் ஹவ்லண்ட், அவர் தம்பி செனிகா, வில்லியம் டன் ஆகிய மூவரும் இனிமேல் ஆற்றில் இறங்குவது தற்கொலை, மேலே ஏறிக் குடியிருப்புகளுக்கு நடந்து போகிறோம் என்றார்கள். முந்தின இரவு முழுக்க மேஜர் மணலில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். காலையில் பிரிந்தார்கள். உணவில் பங்கு கொடுத்தபோது மூவரும் வாங்க மறுத்தார்கள். சமையல்காரர் பில்லி ஹாக்கின்ஸ் ரொட்டி சுட்டுப் பாறைமேல் வைத்துவிட்டுப் போனார். குழுவிலிருந்த ஜாக் சம்னர் தன் கடியாரத்தை, சகோதரியிடம் சேர்க்கச் சொல்லி, ஹவ்லண்டிடம் கொடுத்தார். எந்தத் தரப்பு சாகப் போகிறது என்று இரு தரப்புக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் மற்றவரை நினைத்துத்தான் அழுதார்கள்.

ஆற்றில் போன மற்றவர்கள் சில நிமிடங்களில் அந்தப் பாய்ச்சலைக் கடந்தார்கள். துப்பாக்கியால் சுட்டுச் சைகை காட்டினார்கள், வாருங்கள் என்று. பதில் இல்லை. இரண்டு நாளில் வர்ஜின் ஆறு சேரும் இடத்தை அடைந்தார்கள். 99 நாள், ஆயிரம் மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள்; கணக்குப் பார்ப்பவர்கள் கொஞ்சம் குறைப்பார்கள், பரவாயில்லை. நடந்துபோன மூவரும் கொல்லப்பட்டார்கள். ஷிவ்விட்ஸ் பையூட்கள் தவறாக நினைத்துக் கொன்றதாக ஒரு பேச்சு, வெள்ளைக் குடியேறிகள்தான் கொன்றார்கள் என்று இன்னொரு பேச்சு. இன்றுவரை தீரவில்லை.

கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் 1918இல் பவலுக்கு நினைவுச் சின்னம் திறந்தார்கள். கூடப்போனவர்களின் பெயர்களும் பலகையில் உண்டு. இந்த மூவரின் பெயர் இல்லை! பாதியில் விட்டு ஓடியவர்களாம். மூன்று மாதம் சாவின் வாயிலிருந்து படகை இழுத்தவர்கள், வரைபடம் வரைந்தவர்! அச்சுக்கோத்துப் பிழைத்த மனிதரின் பெயர் பலகையில் விடுபட்டுப்போனது. இதை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது.

1871இல் மேஜர் மறுபடியும் போனார். முழுமையான வரைபடம் உருவானது அந்த இரண்டாவது பயணத்தில்தான். அவருடைய தங்கை கணவர் தாம்சன் தலைமையில் கானாப் என்ற ஊருக்குப் பக்கத்தில், குளிர்காலத்தில், ஒன்பது மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை மரக்கோல்களால் அளந்தார்கள். கோலுக்கு அடுத்த கோல், மட்டம் பார்த்து, முனையோடு முனை சேர்த்து. அந்த அடிக்கோட்டின் இரு முனையிலிருந்தும் ஒரு மலையுச்சியின் கோணத்தை எடுத்தால் முக்கோணம். அதிலிருந்து அடுத்த முக்கோணம். அப்படியே நாடு முழுக்க வலை பின்னலாம். எஸ்கலாண்டே ஆறு, ஹென்றி மலைகள் எல்லாம் வரைபடத்தில் ஏறியது அப்போதுதான். 1875 அறிக்கையில் இந்த இரண்டாவது குழுவின் பெயர்களே இல்லை. அவர்களுடைய அனுபவங்களையும் எடுத்து 1869 கணக்கிலேயே சேர்த்துவிட்டார் மேஜர். அவரை நெஞ்சாரப் போற்றுகிறோம். அதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

இன்றைக்குச் சிலர் கேட்கிறார்கள். பெயர் வேண்டாம். கைப்பேசியைத் தொட்டால் உலகமே தெரிகிறது, மண்ணில் நடந்து அளப்பவன் எதற்கு, அவன் எழுதிய புத்தகம் எதற்கு, நூலகம் எதற்கு என்று. அந்தத் திரையில் ஓடுகிற கோட்டின் வேரைத் தோண்டிப் பாருங்கள். கடைசியில் ஒரு மனிதன் விரல் விறைக்கும் குளிரில் மரக்கோலை முனையோடு முனை சேர்த்துக்கொண்டிருப்பான்!

இப்படி அளந்து பார்க்காமலே பேசுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள். ஏர் உழுதால் மழை தானாகப் பின்னால் வரும் என்று சொல்லி மேற்கு நிலங்களைக் கூவிக் கூவி விற்றார்கள். மேஜர் 1878இல் ஓர் அறிக்கை கொடுத்தார். ஆண்டுக்கு 20 அங்குலத்துக்குக் கீழே மழை பெய்கிற நிலத்தில், தலைக்கு 160 ஏக்கர் என்ற சட்டம் உழவனைக் கொன்றுவிடும். மேய்ச்சலென்றால் 2,560 ஏக்கர் வேண்டும். பாசனமென்றால் 80 ஏக்கர் போதும், ஆனால் தண்ணீர் நிலத்தோடு சேர்ந்திருக்க வேண்டும் என்றார். பாறையடி ஊற்றைத் திருப்பிச் சிறு தோட்டம் போட்ட அந்த மனிதர் கையால் செய்ததை மேஜர் எண்ணால் எழுதினார் என்றுதான் படுகிறது. யாரும் கேட்கவில்லை.

1893, லாஸ் ஏஞ்சலஸ், பாசன மாநாடு. இதே போல மேடை, இதே போலக் கூட்டம். இருக்கிற நிலத்துக்கெல்லாம் பாய்ச்சத் தண்ணீர் இல்லை, தலைமுறை தலைமுறையாக வழக்காடப் போகிறீர்கள் என்று மேஜர் எழுந்து நின்று சொன்னார். கூட்டம் கூச்சலிட்டு அவரை அவமதித்தது. அடுத்த ஆண்டே, தான் வகித்துவந்த அமெரிக்க நிலவியல் அளவைத் துறைத் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

பிறகு 1922இல் கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் ஆண்டுக்கு மேல்பாதிக்கு 75 லட்சம், கீழ்ப்பாதிக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, அதாவது ஒரு ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர்-அடி, என்று பங்கு போட்டன. கணக்கெடுத்த ஆண்டுகளோ மழை செழித்த ஆண்டுகள். ஆற்றில் அவ்வளவு தண்ணீர் இல்லை. 2021இல் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். ஆறு இப்போது பெரும்பாலும் கடலைத் தொடுவதே இல்லை. அந்தப் பங்கு மேசையில் பழங்குடி மக்களுக்கு நாற்காலி போடவில்லை.

அந்தத் தோட்டத்துக்காரர் அன்று மாலையோ, நாலைந்து நாள் கழித்தோ திரும்பி வந்திருப்பார். கொடியை விலக்கிப் பார்த்திருப்பார். காய் இருந்த இடத்தில் வெறும் காம்பு. மணலில் பூட்ஸ் தடங்கள், தண்ணீர் ஓரம் வரைக்கும். வாய்க்காலில் சரிந்த மண்ணைக் கையால் எடுத்துக் கரையில் போட்டுவிட்டு, சோளத்துக்குத் தண்ணீரைத் திருப்பியிருப்பார். சோளம் முற்ற இன்னும் சில வாரம் இருந்தது.